முற்றத்தை மூடச் சொன்னவர்களும் மூட மறுத்தவரும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் எங்கள் வீட்டைக் கட்டியவர் என் கணவரின் தாத்தா. முன்கட்டு மெட்ராஸ் கூரை, அதாவது மர விட்டங்களின்மேல் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய தளம். திண்ணை, தாழ்வாரம், நடுவில் முற்றம். பின்கட்டு 1980களில் மாமா எழுப்பிய கான்கிரீட். இரண்டுக்கும் நடுவே தரை அரையடி ஏறி இறங்கும். மாமா இப்போது இல்லை. அத்தை, நாங்கள் நால்வர், கொழுந்தனார் குடும்பத்தில் மூவர் என எட்டுப் பேர் புழங்கும் வீடு. 2011 டிசம்பரில் தானே புயல், 2015இல் பெருமழை, 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் என்று ஒவ்வொரு முறையும் யாரோ ஒரு கொத்தனார் வந்து சிமெண்ட் அப்பிவிட்டுப் போயிருக்கிறார். ஃபெஞ்சலுக்குப் பிறகு அப்புவதற்கும் இடம் இல்லை.

இன்டீரியர் டிசைனர் ஒருவரை அமர்த்தப்போகிறோம் என்றதும் உறவினர்கள் சிரித்தார்கள். நல்ல மேஸ்திரி இருக்கும்போது அவர் எதற்கு என்பது சித்தப்பாவின் கேள்வி. மேஸ்திரி நல்லவர்தான். ஆனால் கூட்டுக்குடும்பத்தில் மேஸ்திரி யார் பேச்சைக் கேட்பார்? கடைசியாகப் பேசியவர் பேச்சை. காலையில் அத்தை அலமாரியை இடதுபக்கம் வைக்கச் சொல்வார். மத்தியானம் கொழுந்தனார் போனில் வலதுபக்கம் என்பார். சாயங்காலம் நான் போய்ப் பார்த்தால் சுவரில் இரண்டு பக்கமும் ஓட்டை இருக்கும். வடிவமைப்பாளர் வந்த பிறகு வீட்டில் வரைபடம் என்று ஒன்று இருந்தது. பெரியவர்கள் அனைவரும் கையெழுத்திட்ட பிறகுதான் அது ஆசாரியிடம் போகும். அத்தையிடம் கொழுந்தனாரும், கொழுந்தனாரிடம் நானும் சொல்ல முடியாத "வேண்டாம்" என்ற சொல்லை அவர் சிரித்த முகத்தோடு சொல்லிவிடுவார். கட்டணத்தில் முக்கால் பங்கை நான் அதற்காகவே கொடுத்ததாக நினைத்துக்கொள்கிறேன்.

அவருக்கு முன்பு ஒரு பெரிய நிறுவனத்தின் ஆள் வந்திருந்தார். மடிக்கணினியில் எங்கள் கூடத்தின் முப்பரிமாணப் படத்தை இலவசமாகவே காட்டினார். தொங்கும் விளக்கு, சாம்பல் நிற சோபா, ஃபால்ஸ் சீலிங்குக்குள்ளிருந்து கசியும் ஒளி. பின்கட்டில் காரை உதிர்ந்து கம்பி பல்லிளித்துக்கொண்டிருந்த அதே இடத்தில்தான் அந்த ஃபால்ஸ் சீலிங் வந்து உட்கார்ந்திருந்தது! விலைப்பட்டியலில் சமையலறை அலமாரிக்கு "ரன்னிங் அடிக்கு இவ்வளவு" என்று ஒரே வரி. எந்தத் தரப் பிளைவுட், எந்தக் கீல், உட்பக்கம் என்ன ஒட்டுவார்கள் என்பதெல்லாம் கேட்டால் "எல்லாம் பிரீமியம் மேடம்" என்றார். அத்தோடு அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

அடுத்து வந்தவர் புதுச்சேரியில் பழைய தமிழ் வீடுகளில் வேலை செய்து பழகிய பெண். வயது முப்பதுக்கு மேல் இருக்காது. எந்தப் படத்தையும் காட்டவில்லை. ஒரு வாளித் தண்ணீர் கேட்டு வாங்கி முற்றத்தில் ஊற்றினார். தண்ணீர் மூலையில் இருந்த வடிகாலுக்குப் போகாமல் சமையலறைச் சுவரை நோக்கி ஊர்ந்து, அதன் அடியில் காணாமல் போனது. எப்போதோ ஒட்டுவேலை செய்தவர்கள் மீதிச் சிமெண்டை வடிகால் குழாயில் கழுவிவிட்டிருக்கிறார்கள். சமையலறைச் சுவர் ஏன் வருடம் முழுவதும் உப்புப் பூத்துக் கிடக்கிறது என்று நாங்கள் வாஸ்துக்காரரிடமெல்லாம் கேட்டிருக்கிறோம். அத்தை அந்தப் பெண்ணிடம் "நீ சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் கண்ணு" என்றார். அப்போதே ஆள் முடிவாகிவிட்டது.

ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம். ஆர்க்கிடெக்ட் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள ஒருவர் 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஆர்க்கிடெக்சர் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். இன்டீரியர் டிசைனருக்கு அப்படிச் சட்டப்படியான பதிவு எதுவும் இல்லை. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம். ஆகவே சான்றிதழைவிட, அவர் முடித்துக் கொடுத்து இரண்டு மூன்று மழைக்காலம் கடந்த வீடு ஒன்றைப் பார்க்கக் கேளுங்கள். புதிதாக முடித்த வீடு எல்லாமே அழகாகத்தான் இருக்கும். நாங்கள் பார்க்கப் போன வீட்டில் அந்தக் குடும்பத் தலைவி அலமாரிக் கதவுகளைத் தானே திறந்து மூடிக் காட்டினார். குறைகளையும் சொன்னார். குறை சொல்லும்போது டிசைனர் முகம் எப்படிப் போகிறது என்று கவனித்துக்கொண்டேன். நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டார்.

கொழுந்தனாருக்கு ஓர் ஆசை இருந்தது. கடலூர்க்காரர்கள் வாரக்கடைசியில் புதுச்சேரிக்குப் போய்வருவதால் வரும் ஆசை. மஞ்சள் சுவர், வெள்ளைப் பட்டை, வாசலில் காகிதப்பூக் கொடி. நம் வீட்டையும் அப்படி ஆக்கிவிடலாம் என்றார். வடிவமைப்பாளர் மறுக்கவில்லை, அவரையும் என் கணவரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வரச்சொல்லி, பெரிய வாய்க்காலின் இரண்டு பக்கமும் நடக்கவைத்தார். கிழக்கே பிரெஞ்சுப் பகுதி வீடுகள் தெருவுக்கு உயரமான மதிலைக் காட்டுகின்றன. தோட்டமும் தூண்களும் உள்ளே. மேற்கே தமிழ்ப் பகுதியில் வீடு தெருவுக்குத் திண்ணையையும் தாழ்வாரத்தையும் நீட்டிக்கொண்டு நிற்கிறது. வைசியாள் வீதியில் 2000களின் தொடக்கத்தில், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு ஐரோப்பிய ஒன்றிய உதவித் திட்டம் ஒன்றின்கீழ் அந்தத் தெரு முகப்புகளை மீட்டெடுத்திருக்கிறது. வழிப்போக்கர் உட்காரும் திண்ணை அங்கே மறுபடி தெரிகிறது. கீழ்த்தளம் தமிழ், மாடி பிரெஞ்சு என்று இரண்டும் கலந்த வீடுகளும் உண்டு. "உங்கள் வீட்டுக்கு மதில் கிடையாது, திண்ணை இருக்கிறது. மஞ்சள் அடித்தால் திண்ணையை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டாராம். கொழுந்தனார் திரும்பி வந்து, தானே கண்டுபிடித்ததுபோல் திண்ணையைப் பற்றி எங்களுக்கு வகுப்பெடுத்தார். நாங்களும் கேட்டுக்கொண்டோம்.

முற்றம் அத்தனை சுலபமாகத் தீரவில்லை. ஃபைபர் தகடு போட்டு மூடி, கீழே சோபா போட்டு, ஏ.சி. வைத்துவிட்டால் ஒரு கூடம் கூடுதலாகக் கிடைக்கும் என்பது கொழுந்தனார் வாதம். கணவரும் அவர் பக்கம். மழை, கொசு, திருடன் எல்லாம் போய்விடுமாம். அவர்களின் கணக்கில் பிழை இல்லை, சதுர அடி கூடத்தான் செய்யும். வடிவமைப்பாளர் ஒரு வெயில் மத்தியானத்தில் முற்றத்தை ஒட்டிய இரண்டு உள்ளறைகளிலும் ஊதுவத்தி கொளுத்தி வைத்தார். புகை முற்றத்துக்குத் தவழ்ந்து வந்து மேலே ஏறியது. அந்த அறைகளுக்குத் தெருப்பக்கம் ஜன்னல் கிடையாது. காற்றும் வெளிச்சமும் முற்றம் தருவதுதான். மூடினால் பகலில் விளக்குப் போட வேண்டும், ஈரச் சுவர் காயவே காயாது. மேலே துத்தநாகம் பூசிய கம்பிவலைச் சட்டம், பூட்டு, ஓரங்களில் மட்டும் இரண்டடிக்கு ஓடு வேய்ந்த சரிவு, வடிகாலுக்குப் புதிய நான்கு அங்குலக் குழாய் என்று முடிந்தது. கணவர் ஒரு வாரம் சரியாகப் பேசவில்லை. ஆனால் கோபம் அந்தப் பெண்மேல்தானே தவிர, என்மேலோ தம்பிமேலோ இல்லை. இதைத்தான் முன்பே சொன்னேன்.

இனி காசு போன இடங்கள். மொத்தச் செலவில் பாதிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாதவற்றில் போயிற்று: கூரை, ஈரம், வயரிங், குழாய். மெட்ராஸ் கூரை எப்படிப்பட்டது என்பதை அறுபது வருடம் அதன்கீழ் படுத்தவர்களும் அறிவதில்லை. தேக்கு விட்டங்களின்மேல் மெல்லிய செங்கற்களை மூலைவாட்டில் நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கோத்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக் கெட்டித்து, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். தானே புயலுக்குப் பிறகு அதன்மேல் சிமெண்ட் தளம் போடப்பட்டிருந்தது. வெயிலில் அது வெடித்தது; வெடிப்பில் இறங்கிய தண்ணீருக்குத் திரும்ப வெளியேற வழி இல்லை. சுவருக்குள் புதைந்திருந்த விட்டங்களின் முனைகள் இற்றுப்போயிருந்தன.

அதைக் கண்டதும் வடிவமைப்பாளர் வேலையை நிறுத்தினார். "இது என் படிப்புக்கு வெளியே. கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்து எழுத்தில் கொடுத்தால்தான் தொடர்வேன்" என்றார். பொறியாளருக்குத் தனிக் கட்டணம், வேலையில் தாமதம், வீட்டில் முணுமுணுப்பு. எனக்கு அவர்மேல் மதிப்பு வந்தது அன்றைக்குத்தான். பொறியாளர் சொன்னபடி இற்ற முனைகளை வெட்டிப் புதுத் தேக்கு இணைத்தார்கள். சிமெண்ட் தளத்தைப் பெயர்த்தெடுத்துவிட்டுச் சுண்ணாம்புத் தளம். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைச் சேர்த்துச் சாந்து குழைக்கத் தெரிந்த கொத்தனார்கள் புதுச்சேரிப் பக்கமிருந்து வந்தார்கள். கூலி அதிகம். வேகமும் குறைவு, சுண்ணாம்பு அவசரப்படாது.

பின்கட்டுக் கான்கிரீட்டுக்கு வேறு வைத்தியம். கடல் காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருவாக்குகிறது. துரு, அது தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் காரை உதிர்கிறது. உதிர்ந்த இடத்தில் மறுபடி சிமெண்ட் பூசினால் உள்ளே துரு தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். தளர்ந்ததையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளப்பாகத் தேய்த்து, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்பினார்கள். அந்த அறைகளில் ஃபால்ஸ் சீலிங் போடவே கூடாது என்று வடிவமைப்பாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார், கசிவு வந்தால் கண்ணில் பட வேண்டும் என்பதற்காக.

ஈரச் சுவர்கள்தான் எங்கள் பொறுமையை உரித்தன. பி.வி.சி. பலகை அடித்து மறைக்கலாம் என்றார் ஒருவர், நான்கடி உயரத்துக்கு டைல்ஸ் ஒட்டச் சொன்னார் இன்னொருவர். டைல்ஸ் ஒட்டினால் சுவருக்குள் இருக்கும் ஈரம் டைல்ஸுக்கு மேலே போய் வெளியேறும். நான்கடியில் இருந்த உப்பு ஆறடிக்கு ஏறும். வடிவமைப்பாளர் பழைய சிமெண்ட் பூச்சைத் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கொத்தி எடுத்து, செங்கல்லை அப்படியே கோடை முழுவதும் காய விட்டார். தோல் உரித்த சுவரோடு ஒரு நிச்சயதார்த்தத்தையே நடத்தினோம். வந்த பெண்கள் "ஐயோ, என்ன ஆயிற்று?" என்று கேட்கக் கேட்க அத்தை கூசிப்போனார். பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் சுண்ணாம்பு வெள்ளை. பட்டி பார்த்து வழவழவென்று எமல்ஷன் அடிக்க வேண்டும் என்று அடம்பிடித்த ஓரகத்திக்கு மாடி அறை மட்டும் அப்படிக் கிடைத்தது. அங்கே ஈரம் கிடையாது.

சமையலறைக்கு வருவோம். வடிவமைப்பாளர் வரைவதற்கு முன்னால் பாத்திரங்களையெல்லாம் கூடத்தில் பரப்பச் சொல்லி டேப்பால் அளந்தார். இட்லிக் குண்டான், குத்துப்போணி, பொங்கலுக்கும் திவசத்துக்கும் மட்டும் இறங்கும் அண்டா. கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் மாடுலர் கிச்சன் இழுப்பறைகளில் நம் பாத்திரம் பாதிக்குமேல் நுழையாது. தட்டும் கிண்ணமும் வைத்துக் காட்டி விற்றுவிடுகிறார்கள். அடுத்து அத்தை, ஓரகத்தி, நான் என மூவரையும் நிற்கவைத்து முழங்கை உயரம் எடுத்தார். அந்த உயரத்திலிருந்து நான்கு அங்குலம் கழித்தால் தோள் வலிக்காத மேடை உயரம் கிடைக்கும். மூவருக்கும் பொதுவாக 34 அங்குலத்தில் அடுப்பு மேடை. ஜன்னலோரம் 30 அங்குலத்தில் இன்னொன்று. அத்தை அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து காய் நறுக்குகிறார். அரிவாள்மனையை விடமாட்டேன் என்றவர், முழங்கால் வலியில் மாறிக்கொண்டார். கிரைண்டருக்குக் கீழே கழுவிவிட வசதியாகச் சரிவும் துவாரமும் உள்ள தனி மேடை. அம்மியைத் தோட்டத்தில் அலங்காரமாக வைக்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, "துவையலை நீங்கள் தோட்டத்திலா அரைப்பீர்கள்?" என்று அத்தை கேட்டார். அம்மி அதன் இடத்திலேயே இருக்கிறது.

அத்தையின் குளியலறையில் கைப்பிடிக் கம்பி வைப்பதில் ஒரு சிறு ராஜதந்திரம் தேவைப்பட்டது. "நான் என்ன நோயாளியா?" என்பது அவர் பேச்சு. வடிவமைப்பாளர் வாதாடவில்லை. சுவரில் ஆழமாகப் பதித்து, ஓர் ஆள் பாரம் தாங்கும் கம்பி ஒன்றைத் துண்டு போடும் கம்பி என்று சொல்லி மாட்டிவிட்டார். துண்டும் போடுகிறார், பிடித்துக்கொண்டும் எழுகிறார். கதவை 36 அங்குல அகலத்துக்கு மாற்றி, வாசற்படியின் மேட்டைத் தட்டையாக்கி, வழுக்காத டைல்ஸ் போட்டோம். அவையெல்லாம் பேரப்பிள்ளைகள் விழாமல் இருப்பதற்கு என்று சொல்லியிருக்கிறோம்.

கடற்கரை ஊரில் வீடு இருப்பவர்கள் கடையில் நின்று கேட்கவேண்டியவை சில உண்டு. சமையலறைக்கும் குளியலறையை ஒட்டிய அலமாரிகளுக்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் கேளுங்கள். மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகை ஈரம் பட்டால் உப்பிப் பிளக்கும். முத்திரையைப் பலகையிலேயே பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பில்லில் மட்டும் எழுதியிருந்தால் போதாது. எவர்சில்வர் கைப்பிடி, ஜன்னல் கம்பிகளுக்கு 304 என்ற தரத்தைத்தான் வழக்கமாகத் தருவார்கள். அதில் உப்புக் காற்றுக்குத் தேநீர்க் கறை போல பழுப்பு படியும். 316இல் மாலிப்டினம் இரண்டு மூன்று சதவீதம் சேர்ந்திருப்பதால் தாங்கும். வெளிப்பக்கத்துக்கு மட்டுமாவது 316 வாங்கலாம். வயரிங்கில் விளக்குக்கு 1.5, பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர், முழு வீட்டுக்கும் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும். சுவரை மூடுவதற்கு முன்பு குழாயும் வயரும் போகும் பாதையைச் செல்பேசியில் படம் எடுத்து வைத்தோம். பிறகு ஆணி அடிக்கும்போதெல்லாம் அது உதவுகிறது.

வடிவமைப்பாளர் சொன்னதெல்லாம் சரி என்றும் இல்லை. சமையலறையில் கதவில்லாத திறந்த தட்டுகள் வைத்தால் அழகு என்றார். தாளிக்கிற வீட்டில் ஒரே மாதத்தில் அந்த அழகு பிசுக்காகிவிடும் என்று ஓரகத்தியும் நானும் அபூர்வமாக ஒன்றுசேர்ந்து எதிர்த்தோம். கூடத்துச் சிவப்புச் சிமெண்ட் தரையைப் பெயர்த்துவிட்டு ஆத்தங்குடி டைல்ஸ் போடவும் ஆசைப்பட்டார். ஐம்பது வருடம் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியான தரை அது. மெழுகு போட்டுத் துடைத்ததிலேயே முகம் தெரிகிறது. அவர் தேர்ந்தெடுத்த பித்தளைக் கைப்பிடிகள் இந்தக் காற்றில் கறுத்துக்கொண்டே இருக்கின்றன. புளி வைத்துத் தேய்க்கும் வேலை என் மகனுடையது. விளக்குகளில் மட்டும் அவர் சொன்னதை முதலில் எல்லோரும் எதிர்த்து, பிறகு ஒப்புக்கொண்டோம். கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின் இளமஞ்சள், சமையலறைக்கு 4000. முன்பிருந்த 6500 வெள்ளை விளக்கில் வீடு மருந்துக்கடை மாதிரி இருந்தது இப்போதுதான் தெரிகிறது.

பணப் பேச்சை முதல் சந்திப்பிலேயே முடித்துக்கொண்டது நல்லதாயிற்று. கட்டணம் மூன்று விதமாகக் கேட்பார்கள்: சதுர அடிக்கு இவ்வளவு, மொத்தச் செலவில் இத்தனை சதவீதம், அல்லது பொருளும் ஆளும் சேர்த்து மொத்தமாக. சதவீதக் கணக்கில் செலவு ஏற ஏற அவர் வருமானமும் ஏறும் என்பது எனக்கு உறுத்தியது. வரைபடங்களுக்கு ஒரு நிலையான தொகை, மேற்பார்வைக்கு மாதத் தொகை, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று பேசினோம். பொருள்களை நாங்களே எங்கள் பெயரில் பில் போட்டு வாங்கினோம். கடைகளிலிருந்து உங்களுக்குக் கமிஷன் வருமா என்று நேராகவே கேட்டேன். சில கடைகளில் வரும், அதை உங்கள் பில்லில் தள்ளுபடியாக வாங்கித் தருகிறேன் என்றார், ஒப்பந்தத்திலும் எழுதினார். பழைய வீடு என்பதால் மதிப்பீட்டுக்குமேல் 15 முதல் 20 சதவீதம் ஒதுக்கி வைக்கச் சொன்னார். விட்டங்களின் முனையே அதைச் சாப்பிட்டுவிட்டது.

ஆசாரிக்கும் கொத்தனாருக்கும் பணம் தேதிப்படி இல்லாமல் வேலைப்படி போயிற்று. பலகை வந்து இறங்கினால் ஒரு பங்கு, அலமாரியின் கூடு நின்றால் ஒரு பங்கு, கதவு மாட்டிக் கீல் சரிபார்த்தால் ஒரு பங்கு. இடையில் ஆசாரி ஊருக்குப் போனவர் வரவே இல்லை. ஆனால் கொடுத்த பணமும் நடந்த வேலையும் சமமாக இருந்ததால் வேறு ஆளை வைத்து முடிக்க முடிந்தது. எல்லோருடைய தொகையிலும் பத்து சதவீதத்தை ஒரு மழைக்காலம் கழியும் வரை நிறுத்தி வைத்தோம். கடலூரில் கூரை வேலைக்குச் சான்றிதழ் கொடுக்க ஐப்பசியையும் கார்த்திகையையும் விட்டால் வேறு அதிகாரி கிடையாது.

அந்த மழையில் முன்கட்டு ஒழுகவில்லை. மாடிப்படிக்கு மேலே சன்ஷேடு சுவரைத் தொடும் இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை வந்தது. படம் எடுத்து அனுப்பினோம். கொத்தனாரின் மீதத் தொகையில் அந்த இடத்துக்கானதைப் பிடித்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடும்படி வடிவமைப்பாளரே எழுதினார். பொங்கல் கழித்து ஆளோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். கொழுந்தனார் அன்றைக்கு முற்றத்தைப் பற்றி அவரிடம் இன்னொரு முறை பேசிப் பார்க்கப்போகிறாராம்.